தகர வில்லையும் மருந்துப் பொதியும்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. இந்நாட்டவர் ஒருவரை இங்கேயே கொரோனா தொற்றியிருப்பது கண்டறியப்பட்டு அப்போது சுமார் பத்து நாட்களே ஆகியிருந்தன. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ரயிலும் பஸ்ஸும் நின்றன. மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்கு வந்து மருந்து பெற்றுச் சென்ற நாட்பட்ட நோயாளர் வீடுகளில் முடங்கினர். அவர்களுடைய மருந்துகளைப் பொதிகளாகக் கட்டி, அஞ்சல் வழியாக வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாடு ஒன்று சில வாரங்களில் செய்யப்பட்டது. இடர்மிகுந்த அந்நாட்களில் பொதி சுமந்து நடந்த அஞ்சல் ஊழியரையும், ஓய்வின்றி உழைத்த தாதியரையும் வைத்தியரையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆயின், இந்த நல்ல ஏற்பாட்டுக்கு ஓர் அடிப்படைத் தேவை உண்டு. பொதியின்மேல் எழுத ஒரு முகவரி வேண்டும். டிக்கோயாவின் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக் காம்பிராவில் வாழும் ஒரு தொழிலாளியின் முகவரி எது? தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் உண்டு. தெருவுக்குப் பெயரில்லை, வீட்டுக்கு இலக்கமில்லை. கடிதம் தோட்டத்துக் காரியாலயம் வரை வரும். அங்கிருந்து எப்போது, யார் கையில், எந்த நிலையில் உரியவரைச் சேரும் என்பது அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் நாள் கடந்து கைக்குக் கிடைத்த கதையை மலைநாட்டில் சொல்லாத குடும்பம் அரிது.

இதே மக்களுக்கு ஒரு காலத்தில் மிகத் துல்லியமான முகவரி ஒன்று இருந்தது. 1901ஆம் ஆண்டு முதல், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவதில் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த சிறு தகர வில்லை ஒன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் தரப்பட்டது. அதனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்தவர், எழுத்தறியாதவராயினும், வழி தவறாமல் உரிய தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டார். வழிச்செலவு அந்த இலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கில் பற்று எழுதப்பட்டது. அன்று ஆளே பொதி, வில்லையே முகவரி.

உழைப்பைக் கொண்டுவந்து சேர்க்க முகவரி கண்டுபிடித்த ஓர் அமைப்பு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முகவரி கண்டுபிடிக்கவில்லை. இது ஏன் நேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். அதற்கு எல்லா நோய்களையும் எடுத்துக்கொள்ளவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் எவரும் அதிகம் பேசாத ஒன்றை, புற்றுநோய் கண்டவரின் எலும்பை, உரைகல்லாக எடுத்துக்கொள்கிறோம். எலும்பு மெதுவாகத் தேய்வது, ஓசையின்றித் தேய்வது. ஒரு சமுதாயம் தன் உழைப்பாளியை எவ்வளவு தூரம் மனிதராக மதிக்கிறது என்பதை இத்தகைய ஓசையற்ற நோய்களே காட்டிக்கொடுக்கும்.

தடுப்பு முகாமின் தர்க்கம்

டிக்கோயா என்ற பெயர் சிங்களத்தில் நீண்ட ஓடையைக் குறிப்பது. அந்த ஓடையின் இருமருங்கிலும் இருந்த காடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கோப்பிக்காக வெட்டப்பட்டது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1884இல் ரயில் அட்டன் வரை வந்தது. 1878இல் கட்டப்பட்ட வோர்லி தேவாலயத்தின் முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. காடு வெட்டிய தமிழரின் எலும்புகள் எங்கே கிடக்கின்றன என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை.

அம்மக்கள் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையிலான காட்டு வழியில் வாந்திபேதியும் வைசூரியும் அவர்களைத் துரத்தின. வழியில் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். தொழிலாளரின் சாவுகளைப் பற்றிய கூக்குரல் லண்டன் வரை எட்டிய பின்னர், 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. செலவை யார் ஏற்பது என்பதில் துரைமாருக்கும் சர்க்காருக்கும் இழுபறி தொடர்ந்தது. நோயாளி வேலை செய்ய முடிந்தவரை மலையில் நிறுத்தப்பட்டார். இனி முடியாது என்ற நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். ஆகவே ஆஸ்பத்திரி என்றாலே சாவதற்குப் போகும் இடம் என்ற அச்சம் லயங்களில் வேரூன்றியது. அந்த அச்சத்தை அறியாமை என்று பின்வந்தோர் பெயரிட்டனர். அது அனுபவம் என்றே நாம் சொல்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் இந்தியாவில் பரவியபோது, கடல் கடந்து வருவோரைத் தடுத்துவைக்க ராகமையில் முகாம் அமைந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும் இருபுறத்து ரயிலும் இணைந்தபின், மண்டபம் முகாம் அந்தப் பணியை மேற்கொண்டது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. வந்தவரை அங்கே நிறுத்திச் சோதித்தனர், அம்மை குத்தினர், சில நாட்கள் அடைத்துவைத்தனர், பின்னர் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பினர். 1916இல் ரொக்பெல்லர் ஸ்தாபனத்தின் சர்வதேசச் சுகாதாரப் பிரிவு கொழுக்கிப்புழு ஒழிப்பை இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிற்று. சோகை பிடித்த தொழிலாளியால் முழு வேலை செய்ய முடியாது என்பதே துரைமாரிடம் எடுத்துவைக்கப்பட்ட வாதம். புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. போதிய மலசலகூடங்கள் இல்லாமையால், மருந்து குடித்த கால்களையே புழு மீண்டும் துளைத்தது.

இந்நடவடிக்கைகள் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. அம்மைப்பால் உயிர்களைக் காத்தது. புழு மருந்து இரத்தத்தை மீட்டது. ஆனால் அவற்றின் உள்ளே ஓடிய தர்க்கத்தைக் கவனிக்கவேண்டும். வேகமாகக் கொல்லும் நோயும், வேகமாகப் பரவும் நோயும், வேலையை வெளிப்படையாகக் குறைக்கும் நோயும் மட்டுமே அந்தக் கண்ணுக்குத் தெரிந்தன. மெதுவாக வரும் நோய், பிறருக்குத் தொற்றாத நோய், உழைத்து முடிந்த முதிய உடலைத் தின்னும் நோய், இவற்றுக்கு அந்தப் பேரேட்டில் பத்தி கிடையாது. கொழுந்தின் றாத்தல் எழுதப்பட்டது, பெரட்டுக்கு வந்த தலைகள் எண்ணப்பட்டன, எலும்பு எண்ணப்படவில்லை.

விதையும் மண்ணும்

தேயிலை கோப்பியை வென்றுகொண்டிருந்த அதே நாட்களில், எலும்பையும் புற்றையும் பற்றிய விஞ்ஞானம் உலகின் மறுகோடியில் பிறந்துகொண்டிருந்தது. 1889இல் லண்டன் சத்திரசிகிச்சையாளர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் மாண்ட 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். புற்று உடலெங்கும் கண்டபடி பரவுவதில்லை. சில உறுப்புகளையே நாடிச் செல்கிறது. அவற்றுள் எலும்பும் ஒன்று என்று கண்டார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணிலேயே முளைக்கும் என்பது அவர் தந்த விளக்கம். நாற்றுமேடை அறிந்த மலைநாட்டவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1896இல் கிளாஸ்கோ நகரத்து ஜோர்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்று சில பெண்களிடம் சுருங்குவதை வெளியிட்டார். டிக்கோயாவுக்குத் துரைமாரை அனுப்பிய அதே ஸ்கொட்லாந்திலிருந்து வந்த அறிவு இது. சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோனே சில புற்றுகளுக்கு உணவு என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் அதே ஓமோன்தான் எலும்புக்குக் காவல் என்பதையும் 1940களில் அமெரிக்க வைத்தியர் புல்லர் ஒல்பிரைட் எடுத்துக்காட்டினார். மாதவிடாய் நின்ற பெண்களின் முதுகெலும்பு ஏன் நொறுங்குகிறது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை அது. ஆக, ஒரு கொடிய முடிச்சு வெளிப்பட்டது. புற்றைப் பட்டினி போடும் சிகிச்சை எலும்பையும் பட்டினி போடுகிறது.

எலும்பு உயிரற்ற கல் அன்று. அதனை ஓயாமல் அரித்தெடுக்கும் கலங்களும், ஓயாமல் கட்டியெழுப்பும் கலங்களும் உண்டு. இரண்டும் சமமாக இயங்கும்வரை எலும்பு உறுதியாக நிற்கும். புற்று எலும்பினுள் குடியேறும்போது அரிக்கும் கலங்களை ஏவிவிடுகிறது. மார்பகப் புற்றுக்காக ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளும், ஆண்களின் முன்னிற்கும் சுரப்பிப் புற்றுக்கான ஓமோன் தடுப்பு ஊசிகளும், நீண்டநாள் ஸ்டீரொயிட் மருந்தும் தம் பங்குக்கு எலும்பை மெலியச் செய்கின்றன. புற்றிலிருந்து பிழைத்தவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்வது இவ்வாறுதான்.

இதற்கு மாற்று மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தண்ணீர்க் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு சேராமல் தடுக்கும் இரசாயனப் பொருள்களைப் போன்ற சேர்மங்கள் எலும்பு கரைவதையும் தடுக்கும் என்று, சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் பிளைஷும் அவர் தோழரும் 1969இல் அறிவித்தனர். பிஸ்பொஸ்பொனேற் என்ற மருந்துக் குடும்பம் அதிலிருந்து பிறந்தது. நரம்பு வழியாக ஏற்றப்படும் சொலிட்ரோனிக் அமிலம் அதில் ஒன்று. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இம்மருந்துகள் புற்று எலும்புக்குத் திரும்புவதையும், அதனால் ஏற்படும் மரணத்தையும் ஓரளவு குறைக்கின்றன என்பது, 18,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2015இல் நிறுவப்பட்டது. டெனோசுமாப் என்ற தோலடி ஊசி இன்னொரு வழி. விலை மிகுந்த வழி.

இவற்றுக்கெல்லாம் ஒழுங்கு வேண்டும். இரத்தத்தில் கல்சியத்தையும் சிறுநீரகத்தின் நிலையையும் முன்னதாகப் பார்க்கவேண்டும். பல்லையும் பார்க்கவேண்டும், ஏனெனில், மருந்து தொடங்கிய பின்னர் பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் மடிந்துபோகிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு நாள் முழுதும் பசியையும் குளிரையும் வென்று வேலை செய்ய வேண்டியிருந்த தோட்ட மக்களின் வாய்க்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். வாய்ப்புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் தாடைக்கும் இதே ஆபத்து உண்டு.

எது பொறுக்கும், எது பொறுக்காது

கொள்ளைநோய் வந்தபோது வைத்திய உலகின் முன் நின்ற கேள்வி இது. வைத்தியசாலைக்கு வருவதே ஆபத்து, வராமலிருப்பதும் ஆபத்து, எலும்பு மருந்தை எவ்வளவு காலம் ஒத்திவைக்கலாம்?

விடை மருந்துக்கு மருந்து வேறுபட்டது. சொலிட்ரோனிக் அமிலம் எலும்பிலேயே தங்கிவிடும் தன்மையது. புற்று எலும்புக்குப் பரவிய 1,822 நோயாளரிடம் நடந்து 2017இல் வெளியான ஒரு சோதனை, அதனை நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதற்குப் பதிலாகப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் பலன் குன்றவில்லை என்று காட்டியிருந்தது. ஆகவே கொரோனாக் காலத்தில் இடைவெளியை நீட்ட முடிந்தது. எலும்புத் தேய்வுக்காக ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஏற்றுவோருக்குச் சில மாதத் தாமதமும் பெருந்தீங்கன்று.

டெனோசுமாப் அப்படிப்பட்டதன்று. அது உடலில் தங்குவதில்லை. எலும்புத் தேய்வுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் அந்த ஊசி தவறினால், அதுவரை அடங்கியிருந்த அரிப்பு வெள்ளம்போல் மீண்டு, முள்ளந்தண்டின் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கக்கூடும். முந்திய ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். ஊசி கிடைக்காவிடில் தற்காலிகமாக அலன்ட்ரோனேற் போன்ற மாத்திரைக்கு மாற்றுங்கள் என்று எலும்பு, ஓமோன் துறைகளின் சர்வதேசச் சங்கங்கள் 2020ஆம் ஆண்டிலேயே கூட்டாக அறிவுறுத்தின. சில நாடுகளில் வீட்டு வாசலிலும் வாகனத்தின் சாளரத்தருகிலும் அந்த ஊசி போடப்பட்டது.

எதற்கும் பொறுக்காத ஒன்றும் உண்டு. எலும்பில் புற்றுள்ளவருக்குப் புதிதாகக் கடும் முதுகுவலி தோன்றினாலோ, கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, அது முள்ளந்தண்டு நாண் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலை சேரவேண்டும். நாள் தவறினால் கால் மீளாமற் போகலாம். தொற்றுநோய்க்கு அஞ்சி வீட்டில் காத்திருக்கத் தகாத நோய் இது.

மேலும், கல்சியமும் விற்றமின் டியும், வழுக்கி விழாத நடைபாதையும், அளவான நடைப்பயிற்சியும் எலும்பைக் காப்பன என்று எல்லா அறிவுரைகளும் சொல்லின. இவை எல்லாம் உண்மை. இந்த உண்மைகளைச் சுமந்துகொண்டு இப்போது டிக்கோயாவின் மலைக்கு ஏறுவோம்.

திறந்த வழியும் மூடிய வழியும்

ஐம்பத்தைந்து வயதுத் தாய் ஒருவரை நாம் மனத்தில் எண்ணிக்கொள்வோம். முப்பத்தைந்து ஆண்டு கொழுந்தெடுத்தவர். மார்பகப் புற்றுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து மாத்திரை உண்பவர். எலும்புக்கான ஊசியும் அவருக்கு உண்டு. அவர் எண்ணத்தில் வரைந்த உருவமேயாயினும், அவர் வாழும் சூழ்நிலை எண்ணத்தில் வரைந்ததன்று.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அவர் போகவேண்டிய இடம் கண்டி, அல்லது மகரகமை. டிக்கோயாவில் வைத்தியசாலையே இல்லை என்பதில்லை. இந்திய உதவியில் எழுந்த 150 படுக்கைகள் கொண்ட கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார். அது பெரிய வரவு, மறுக்கமாட்டோம். ஆயினும் புற்றுநோய் வைத்தியத்தின் நடுவம் மலைக்குக் கீழேதான் இருக்கிறது. அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி செல்வது சுகமாயிருப்பவருக்கே அரைநாள் அலைச்சல். மெலிந்த முள்ளந்தண்டோடு பஸ்ஸில் குலுங்கிச் செல்வோரின் வலியை அவர்களே அறிவர். ஊரடங்கில் அந்தப் பஸ்ஸும் இல்லை. அனுமதிப்பத்திரம் பெறலாம், ஆனால் வாடகை வாகனத்துக்குக் கொடுக்கப் பணம்? அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அதுவும் மலைக்குப் போன நாளுக்கு மட்டும். நிறுவையில் றாத்தல் குறைந்தால் அரைப் பேர்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் குறித்துக்கொள்ளவேண்டும். நாடு முழுதும் வீட்டிலிருக்கும்படி கட்டளை பிறந்தபோது, தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடர அனுமதி வழங்கப்பட்டது. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில் நிற்கலாகாது என்பது நியாயம். அதனால் தொழிலாளிக்கு அன்றாடச் சம்பளம் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் லயத்திலிருந்து மலைக்குப் போகும் வழி திறந்திருந்தது. லயத்திலிருந்து கிளினிக்குக்குப் போகும் வழி மூடிக் கிடந்தது. 2020 அக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து பரவிய அலையிலும், 2021 மே மாதப் பயணத் தடையிலும், அவ்வாண்டு ஓகஸ்ட் 20 முதல் அக்டோபர் 1 வரை நீடித்த முடக்கத்திலும் இதே காட்சி திரும்பியது. நூறாண்டுக்கு முந்திய முகாமின் தர்க்கமே இது. உழைப்பு செல்லும் பாதை தடைப்படலாகாது. உழைப்பாளி செல்லும் பாதை பிற்பாடு பார்த்துக்கொள்ளப்படும்.

அறிவுரைகளின் கதையும் இதுவே. பால் குடியுங்கள் என்கிறார்கள். மாடு வளர்க்கும் லயத்துக் குடும்பம் அந்தப் பாலை விற்றுத்தான் கடைக்கடன் தீர்க்கிறது. அளவாக நடங்கள் என்கிறார்கள். தலையில் கயிறு மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, மழையில் வழுக்கும் சரிவில் ஏறி இறங்குபவருக்கு நடைப்பயிற்சி போதாமலா இருக்கிறது? வீட்டில் வழுக்காத தரை வேண்டும் என்கிறார்கள். வீடென்பது ஒரு காம்பிரா; தண்ணீர்ப் பீலி ஒரு திசையில், மலசலகூடம் இன்னொரு திசையில். விஞ்ஞானம் பிழை செய்யவில்லை. அது வீடும் ஓய்வும் முகவரியும் உள்ள மனிதரை மனத்தில் வைத்துப் பேசுகிறது. அந்த மனிதராக எல்லோரையும் ஆக்குவது வைத்தியரின் வேலை மட்டுமன்று, சமுதாயத்தின் வேலை.

முகவரி ஏன் இல்லை?

முகவரியின்மை கவனக்குறைவால் நேர்ந்ததன்று. அதற்குச் சட்டத்தின் வரலாறு உண்டு. லயம் தோட்டத்தின் சொத்து. அதில் வாழ்பவர் வேலைக்காரராக வாழ்கிறாரேயன்றிக் குடியிருப்பவராக வாழ்வதில்லை என்பதே தொடக்கத்திலிருந்த கருத்து. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியபோதெல்லாம் லயம் மட்டும் லயமாகவே நின்றது.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்ட எல்லைக்குள் பாதையோ விளக்கோ அமைக்கச் சபையின் பணம் பாய்வதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபை, அவர்கள் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட இயலாமல் இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் தோட்டப் பகுதிகளில் புதிய கிராமங்களை உருவாக்கும் அதிகாரசபைக்கான சட்டமும் வந்தது. தனிவீட்டுத் திட்டங்களும் நடக்கின்றன. அவற்றின் வேகம் எத்தகையதென்று, லயங்களில் இன்னும் வாழ்வோரைக் கேட்டால் தெரியும்.

வைத்தியத்திலும் இந்த இரட்டைத் தன்மையே தொடர்கிறது. நாட்டு மக்களுக்கு இலவச அரசாங்க வைத்தியம் என்பது இலங்கையின் பெருமைக்குரிய சாதனை. தோட்டத்திலோ, தோட்டத்து டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளருமே முதல் வாசல். 1990களிலிருந்து சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது, எல்லாவற்றையும் அன்று. தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் கண்டிப் புற்றுநோய்க் கிளினிக்குக்கும் இடையில் நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பி ஒன்றே பாலம். அந்தக் கொப்பியில் அடுத்த ஊசியின் திகதி எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் திகதியை அவருக்கு நினைவூட்டும் பொறுப்பு எவருக்கும் இல்லை.

ஏழை நாடு என்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடவில்லை. 2022இல் நாட்டின் கருவூலம் வறண்டபோது, புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. எரிபொருளின்றி வாகனங்கள் நின்றன. கொள்ளைநோயில் கண்ட அதே தடை, நோய்க்கிருமி இல்லாமலே திரும்பிவந்தது. ஆனால் நாம் கேட்பது விலையுயர்ந்த யந்திரங்களை அன்று. சொலிட்ரோனிக் அமிலம் காப்புரிமை கழிந்து மலிந்த மருந்து. அதை ஏற்ற ஒரு கட்டிலும் ஒரு தாதியும் ஓர் இரத்தப் பரிசோதனையும் போதும். அலன்ட்ரோனேற் மாத்திரையும் கல்சியமும் பொதியில் அடங்குவன. இந்த நாட்டிலேயே முன்னுதாரணமும் உண்டு. கிராமத்துச் சுகாதார ஊழியரைப் பயிற்றி, வீடுதோறும் சென்று வாய்ப்புற்றின் முன்னறிகுறிகளைக் கண்டுபிடிக்கச் செய்யலாம் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வொன்று 1984இலேயே உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏட்டில் எடுத்துரைத்தது. பெரிய வைத்தியர் இல்லாத இடத்தில் சிறிய ஊழியர் பெரிய பணி செய்ய முடியும். அவரை நியமிக்கும் மனமே வேண்டும்.

ஆகவே நாம் சொல்வது இவ்வளவே. முதலாவது, லயமாயினும் தனிவீடாயினும் ஒவ்வொரு காம்பிராவுக்கும் இலக்கமும், அஞ்சல்காரர் நேரே வந்து கொடுக்கும் முகவரியும் வேண்டும். இரண்டாவது, எலும்பு மருந்தேற்றுவதும் பல் பார்ப்பதும் டிக்கோயாவிலேயே நடக்கவேண்டும். கண்டி வைத்தியர் எழுதித் தந்ததைக் கிளங்கனில் நிறைவேற்றுவது அரிய காரியமன்று. மூன்றாவது, தோட்டத்து டிஸ்பென்சரி அரசாங்க வைத்தியத்தின் உறுப்பாகி, அடுத்த ஊசியின் திகதியைத் தன் ஏட்டிலும் எழுதவேண்டும். நான்காவது, எலும்பு மெலிந்தவருக்குச் சரிவில் கூடை சுமக்காத இலகுவேலை, நாட்பெயர் குறையாமல் கிடைக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தால் அது தர்மமன்று, உரிமை.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கி ஒரு வார்த்தை. 1934–35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் பகுதிகளைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றனர். டொரின் யங் போன்ற ஆசிரியரும், எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்ற வைத்தியரும், என். எம். பெரேராவும் அந்தப் பணியில் இருந்தனர். பருப்பு வழங்கிய பெரேராவை மக்கள் பருப்பு மாத்தயா என்றே அழைத்தனர். இலங்கையின் இடதுசாரி இயக்கம் அந்தச் சேற்றுப் பாதைகளில்தான் நடை பயின்றது. அவர்கள் கொய்னா மருந்தோடு நிற்கவில்லை. பட்டினி கிடந்த உடலையே மலேரியா எளிதில் கொல்கிறது, ஆகவே பட்டினிக்குக் காரணமான அமைப்பையும் கேள்வி கேட்கவேண்டும் என்று கண்டார்கள்.

அந்தப் பாடம் இன்றும் பழையதாகவில்லை. மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியர், தம் மாணவரைக் கொண்டு தங்கள் டிவிஷனின் லயங்களை இலக்கமிட்டு ஒரு வரைபடம் வரையச் செய்யலாம். எந்தக் காம்பிராவில் கிளினிக் கொப்பியோடு ஒரு நோயாளி இருக்கிறார், அவருடைய அடுத்த திகதி எது என்பதை, அவருடைய சம்மதத்தோடு, குடும்பத்துக்கு வெளியே ஒருவராவது அறிந்திருக்கச் செய்யலாம். அரசு செய்யவேண்டியதற்கு இது ஈடன்று. ஆனால் அரசிடம் கேட்கப் போகும்போது அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துச் செல்லலாம்.

இன்னொரு கொள்ளைநோய் வரும். அது எப்போது என்று எவரும் அறியார். அன்று மருந்துப் பொதி ஒன்று கண்டியிலிருந்து புறப்பட்டால், அது தோட்டத்துக் காரியாலயத்தின் மேசைமேல் கிடக்காமல், அந்தத் தாயின் கதவைத் தட்டவேண்டும். அவருடைய பாட்டியின் கழுத்தில் துரைமார் மாட்டிய வில்லை ஒரு தோட்டத்தின் இலக்கத்தைச் சொன்னது. அவருடைய கதவில் எழுதப்படும் இலக்கம் ஒரு குடிமகளின் வீட்டைச் சொல்லட்டும்.